யார் யாரை அழைப்பது?
வேர்ட்பிரஸும் தனித்து நிற்கும் பிளகின் கோப்பும்: ஒரு சொற்பொழிவு



ஒரு பிழைச் செய்தியிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன். வேர்ட்பிரஸில் பிளகின் எழுத உட்காருகிற ஏறக்குறைய எல்லோரும் சீக்கிரமே சந்திக்கிற செய்தி அது. ‘கால் டு அன்டிஃபைன்ட் ஃபங்ஷன் கெட்_ஆப்ஷன்’ என்று வரும். நீ கூப்பிடுகிற கெட்_ஆப்ஷன் யாரென்றே எனக்குத் தெரியாது என்று பிஎச்பி கையை விரிக்கிறது. சில நேரம் கெட்_ஆப்ஷனுக்குப் பதில் ஆட்_ஆக்‌ஷன் இருக்கும், சில நேரம் டபிள்யூபி_மெயில் இருக்கும். பெயர்தான் மாறும், விஷயம் ஒன்றுதான்.

இது எப்போது வருகிறது? பிளகினின் முதன்மைக் கோப்பு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. தளத்தில் ஒரு படிவம் வைக்கிறோம். படிவத்தில் நிரப்பியதை வாங்கிக்கொள்ள அதே ஃபோல்டரில் இன்னொரு கோப்பு எழுதுகிறோம். ‘சேமி.பிஎச்பி’ என்று பெயர் வைத்ததாகக் கொள்ளுங்கள். படிவத்தை அனுப்பினால் அந்தக் கோப்பின் முகவரிக்குப் போகும்படி அமைத்துவிட்டு, பொத்தானை அழுத்திப் பார்க்கிறோம். வெள்ளைத் திரையும் இந்தப் பிழையும்தான் மிச்சம். பக்கத்துக் கோப்பில் வேலை செய்கிற ஃபங்ஷன், அதே ஃபோல்டரில் இருக்கிற இந்தக் கோப்பில் ஏன் வேலை செய்யவில்லை? நியாயமான கேள்வி. இதற்கு முழுமையான பதில் தெரிந்தவர்கள் நல்ல பிளகின் எழுதுகிறார்கள். பாதிப் பதிலோடு நிறுத்திக்கொண்டவர்கள் எழுதிய கோப்புகளால் யாரோ ஒருவருடைய தளம் என்றைக்காவது திறந்துகிடக்கிறது. அந்த இரண்டாவது நிலை என்னைக் கவலைப்பட வைப்பதால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

முதலில் பிஎச்பி வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடுவோம். சர்வரில் வேர்ட்பிரஸ் என்று ஒன்று எந்நேரமும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகப் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ஒருவர் உங்கள் தளத்தின் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது வேர்ட்பிரஸ் அந்த ஒரு வேண்டுகோளுக்காக அடியிலிருந்து எழுகிறது. பக்கத்தைக் கொடுத்து முடித்ததும் நினைவகத்திலிருந்து முழுக்க மறைந்துபோகிறது. அடுத்தவர் கேட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒரு வேண்டுகோளில் அறிமுகமான ஃபங்ஷன் அடுத்த வேண்டுகோளுக்குத் தெரியாது.

எழுகிற வரிசை இது. இன்டெக்ஸ்.பிஎச்பி என்ற சின்னக் கோப்பு டபிள்யூபி-பிளாக்-ஹெடர் என்ற கோப்பை அழைக்கும். அது டபிள்யூபி-லோடை அழைக்கும். அது டபிள்யூபி-கான்ஃபிகைத் தேடிப் பிடிக்கும். டேட்டாபேஸ் பெயர், கடவுச்சொல் எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கின்றன. அதன் கடைசி வரி டபிள்யூபி-செட்டிங்ஸை அழைக்கும். உண்மையான வேலை நடப்பது அங்கேதான். டேட்டாபேஸ் இணைப்பு உருவாகிறது, நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்கள் ஏறுகின்றன, பிறகு நீங்கள் ஆக்டிவேட் செய்துவைத்த பிளகின்களின் முதன்மைக் கோப்புகள் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன. அதற்கும் பிறகுதான் தீம். உங்கள் முதன்மைக் கோப்பில் கெட்_ஆப்ஷன் வேலை செய்ததற்குக் காரணம், அந்தக் கோப்பு வருவதற்கு முன்பே வேர்ட்பிரஸ் அதை ஏற்றி வைத்திருந்ததுதான்.

சேமி.பிஎச்பியின் கதை வேறு. பல தளங்களில் டாட்-எச்டி-ஆக்ஸஸ் என்ற கோப்பில் வேர்ட்பிரஸே எழுதிவைக்கும் சில வரிகள் உண்டு. கேட்கப்பட்ட முகவரியில் நிஜமாகவே ஒரு கோப்போ ஃபோல்டரோ இருந்தால் அதை அப்படியே கொடு, இல்லையென்றால் இன்டெக்ஸ்.பிஎச்பியிடம் அனுப்பு என்பது அவற்றின் சாரம். ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்துக்கு வட்டில் கோப்பு எதுவும் கிடையாது. அதனால் அந்த வேண்டுகோள் வேர்ட்பிரஸிடம் போகிறது. சேமி.பிஎச்பிக்கோ வட்டில் கோப்பு இருக்கிறது. சர்வர் அதை நேரே எடுத்து ஓட்டிவிடுகிறது. வேர்ட்பிரஸ் எழவே இல்லை. உங்கள் கோப்பு பிளகின் ஃபோல்டரில் இருந்தாலும், அந்த நொடியில் அது யாருக்கும் பிளகின் அல்ல. இணையத்தில் தன்னந்தனியாக நிற்கும் ஒரு பிஎச்பி கோப்பு, அவ்வளவுதான்.

இதுவரை புரிந்துகொண்டவர்களுக்கு உடனே ஒரு வழி தோன்றும். வேர்ட்பிரஸ் எழவில்லை என்றால் நானே எழுப்பிவிடுகிறேன்! கோப்பின் முதல் வரியிலேயே, மூன்று அடுக்கு மேலே ஏறிப் போய் டபிள்யூபி-லோடைக் கூப்பிடு என்று எழுதுகிறார்கள். பிளகினின் ஃபோல்டரிலிருந்து பிளகின்ஸ், அங்கிருந்து டபிள்யூபி-கன்டென்ட், அங்கிருந்து தளத்தின் வேர். மூன்று முறை இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும். எழுதிய அடுத்த நிமிடம் எல்லா ஃபங்ஷன்களும் வந்துவிடும். லாகின் செய்தவர் யார் என்பதுகூடத் தெரியும். பிழை போய்விட்டது, வாடிக்கையாளர் மகிழ்ச்சி, பணமும் வந்துவிட்டது. நான் சொன்ன பாதிப் பதில் இதுதான்.

இதில் உள்ள குறைகளில் சிறியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டர் எப்போதும் வேருக்கு அடியிலேயே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2008-இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து அந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், கான்ஃபிக் கோப்பையும் ஒரு படி மேலே வைத்துக்கொள்ளலாம். டபிள்யூபி-லோட் என்ற கோப்பு பிறந்ததே அந்தப் பதிப்பில்தான். அதற்கு முன் பிளகின்காரர்கள் கான்ஃபிக் கோப்பையே இதேபோல எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் உங்கள் கணினியில் சரியாக எண்ணிய மூன்று அடுக்கு, இன்னொருவர் சர்வரில் எங்கேயோ கொண்டுபோய் விடும். சிலர் டபிள்யூபி-லோடுக்குப் பதில் டபிள்யூபி-பிளாக்-ஹெடரை அழைப்பார்கள். அது வந்த முகவரிக்குப் பொருத்தமான பதிவைத் தேடும், கிடைக்காது, ஆகவே 404 என்று தலைப்பு அனுப்பிவிடும். பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, உலாவியோ இல்லாத பக்கம் என்கிறது. இந்த விசித்திரத்தைத் துரத்திக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்தவர்கள் இந்த அரங்கிலும் இருக்கக்கூடும்.

இவை எரிச்சல்கள், அவ்வளவுதான். பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. வேர்ட்பிரஸை நீங்களே எழுப்பிக்கொண்டால், அந்தக் கோப்பின் முகவரிக்கு நீங்கள் மட்டுமே பொறுப்பாளி ஆகிறீர்கள். யார் வரலாம், எதைக் கேட்கலாம், எதைத் தரக்கூடாது என்று வேர்ட்பிரஸ் உங்களுக்காக ஒன்றும் பார்க்காது. இன்னொன்றும் உண்டு. அட்மின் பக்கத்தில் அந்த பிளகினை டீஆக்டிவேட் செய்தாலும் அந்தக் கோப்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும். வட்டில் கோப்பு இருக்கிறது, முகவரி இருக்கிறது, சர்வர் ஓட்டுகிறது. தளத்துக்காரர் தன் பிளகினை நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

2011 ஆகஸ்டில் உலகம் முழுக்க வேர்ட்பிரஸ் தளங்கள் இந்தப் பாடத்தைக் கடினமாகக் கற்றன. டிம்தம்ப் என்று ஒரு சின்ன பிஎச்பி கோப்பு. படத்தை வேண்டிய அளவுக்குச் சுருக்கித் தரும். மிகவும் பயனுள்ள கோப்பு என்பதால் எண்ணற்ற தீம்களும் பிளகின்களும் அதைத் தங்கள் ஃபோல்டரில் போட்டுக்கொண்டன. அது வேர்ட்பிரஸ் வழியாக ஓடாது, நேரே அதன் முகவரியைத்தான் கூப்பிட வேண்டும். வெளித் தளங்களிலிருந்தும் படம் எடுத்து வரும். அதற்கென்று நம்பகமான தளங்களின் பட்டியல் ஒன்று உள்ளே இருந்தது. ஃபிளிக்கர், பிளாகர் போன்ற பெயர்கள். சோதித்த விதத்தில்தான் ஓட்டை. வந்த முகவரியில் பிளாகர்.காம் என்ற எழுத்துகள் எங்காவது இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தது. தாக்குபவர் தன் தளத்துக்கு பிளாகர்.காம்-இல் தொடங்கி இன்னொரு பெயரில் முடியும் முகவரி வைத்துக்கொண்டால் போதும். அங்கிருந்து படம் என்ற பெயரில் பிஎச்பி நிரலை எடுத்துவந்து, எவரும் எட்டக்கூடிய கேஷ் ஃபோல்டரில் டிம்தம்ப் பத்திரமாக வைத்துக் கொடுத்தது. பிறகு அந்த முகவரியைக் கூப்பிட்டால் தாக்குபவரின் நிரல் உங்கள் சர்வரில் ஓடும்.

மார்க் மாண்டர் என்பவர் தன்னுடைய தளமே இப்படித் தாக்கப்பட்டதைத் தோண்டித் துருவி ஓட்டையைக் கண்டுபிடித்து வெளியிட்டார். திருத்தமும் விரைவில் வந்தது. ஆனால் திருத்தத்தை யாருக்குக் கொடுப்பது? ஒவ்வொரு தீமும் தன் சொந்தப் பிரதியை வைத்திருந்தது, சில அதற்கு வேறு பெயரும் சூட்டியிருந்தன. பயன்பாட்டில் இல்லாமல் ஃபோல்டரில் சும்மா கிடந்த பழைய தீமில் இருந்த பிரதியும் தாக்குபவருக்குச் சரிசமமாகப் பயன்பட்டது. தனிக் கோப்பின் தன்மை அது. ஓட்டை எல்லோருக்கும் பொது, திருத்தம் மட்டும் ஆளாளுக்குத் தனித்தனி.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு நிகழ்ச்சி 2017 ஜனவரியில் நடந்தது. இந்த முறை ஓட்டை வேர்ட்பிரஸின் உள்ளேயே இருந்தது. அதற்கு முந்தைய மாதம் வந்த 4.7 பதிப்பில், ரெஸ்ட் ஏபிஐ என்ற வழியாகப் பதிவுகளை வெளியிலிருந்து படிக்கவும் திருத்தவும் வசதி வந்திருந்தது. பதிவு எண்ணின் இடத்தில் எண்ணோடு எழுத்தும் சேர்த்து அனுப்பினால், அனுமதி சோதிக்கும் பகுதி அப்படி ஒரு பதிவே இல்லையே என்று தடுக்காமல் விட்டுவிட்டது. அடுத்த பகுதி எழுத்தைக் கழித்து எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பதிவைத் திருத்திவிட்டது. லாகின் செய்யாத ஒருவர் எந்தப் பதிவையும் மாற்றி எழுதலாம் என்ற நிலை. சுகுரி என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைக் கண்டு தனியாகத் தெரிவித்தது. 4.7.2 பதிப்பு ஜனவரி 26-ஆம் தேதி வெளியானது. தானியங்கிப் புதுப்பிப்பு அதைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்க அவகாசம் கொடுத்து, சில நாள் கழித்துத்தான் ஓட்டையின் விவரத்தைப் பொதுவில் சொன்னார்கள். புதுப்பிப்பை நிறுத்திவைத்திருந்த தளங்கள் பல சிதைக்கப்பட்டன, உண்மை. ஆனால் திருத்தம் ஒரே இடத்தில் நடந்து, புதுப்பிப்பை நிறுத்தாத தளங்களுக்குத் தானே போய்ச் சேர்ந்தது. நிரலில் தவறு வராமல் இருக்காது. தவறு வந்தால் திருத்தம் போய்ச் சேரும் இடத்தில் உங்கள் நிரல் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் சரியான வழி எது? உங்கள் கோப்பு வேர்ட்பிரஸை அழைக்கக் கூடாது. வேர்ட்பிரஸ் உங்கள் கோப்பை அழைக்கும்படி சொல்லிவைக்க வேண்டும். பிளகின் என்ற ஏற்பாடே இந்த ஒரு எண்ணத்தின் மேல் நிற்கிறது.

இந்த ஏற்பாடு வந்தது 2004 மே மாதம், 1.2 பதிப்பில். அதற்கு ஓராண்டு முன்புதான் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும், மிஷேல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்ற மென்பொருளை எடுத்து வேர்ட்பிரஸாக வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். பி2-வில் ஏதாவது புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் மூலக் கோப்பைத் திறந்து நடுவில் எழுத வேண்டும். அடுத்த பதிப்பு வந்தால் எழுதியது அழியும். 1.2 இதற்கு முடிவு கட்டியது. வேர்ட்பிரஸ் தன் வேலையின் நடுவே பல இடங்களில் நின்று, இங்கே யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்கும். அந்த இடத்துக்கு ஹூக் என்று பெயர். ஆட்_ஆக்‌ஷன் என்றால் இந்த இடம் வரும்போது என் ஃபங்ஷனைக் கூப்பிடு என்று பெயர் கொடுத்துவைப்பது. ஆட்_ஃபில்டர் என்றால் இந்த மதிப்பை என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போ என்று சொல்லிவைப்பது.

கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது புதிதல்ல. மிருதங்கக்காரர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் தனி ஆவர்த்தனத்தைத் தானாகத் தொடங்குவதில்லை. பாடகர் பாடி நிறுத்தி இடம் விட வேண்டும். விட்ட இடத்தில் அவர் தன் வித்தை முழுவதையும் காட்டலாம், ஆனால் தாளம் அதே தாளம், வந்து சேர வேண்டிய இடமும் முன்பே தெரிந்த இடம். இசை வேர்ட்பிரஸுக்கும் அந்நியமல்ல. அதன் பதிப்புகளுக்கு ஜாஸ் கலைஞர்களின் பெயர் சூட்டுவது வழக்கம். பிளகின் பிறந்த 1.2 பதிப்புக்கு சார்லஸ் மிங்கஸ் பெயர். வேர்ட்பிரஸோடு நெடுங்காலமாகக் கூடவே வரும் ஹலோ டாலி பிளகினும் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய ஒரு பாட்டின் பெயரைத்தான் சுமக்கிறது. அந்த பிளகின் அட்மின் பக்கத்தின் மூலையில் ஒரு வரி காட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. இருந்தாலும் திறந்து படித்துப் பாருங்கள். ஹூக் என்றால் என்ன என்று அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

இனி நம் சேமி.பிஎச்பிக்கு வருவோம். அதற்குத் தனி முகவரி வேண்டாம். வேர்ட்பிரஸிலேயே இதற்கென்று மூன்று முகவரிகள் தயாராக இருக்கின்றன. சாதாரணப் படிவம் என்றால் அட்மின்-போஸ்ட். பக்கம் மாறாமல் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் அட்மின்-ஏஜாக்ஸ். வெளிச் செயலிகளும் பேச வேண்டுமென்றால் ரெஸ்ட் ஏபிஐ. மூன்றிலும் வேர்ட்பிரஸ் முறைப்படி எழுகிறது, உங்கள் பிளகினை ஏற்றுகிறது, நீங்கள் சொல்லிவைத்த பெயர் வந்தால் உங்கள் ஃபங்ஷனை அழைக்கிறது. பிளகினை நிறுத்தினால் அந்த வழியும் அதோடு மூடிக்கொள்கிறது.

நான் பார்த்த ஒரு தளத்தை வைத்து இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ரத்ததானம் செய்கிறவர்களின் பட்டியல் வைத்திருக்கும் ஒரு சிறு அமைப்பு. பெயர், ரத்த வகை, ஊர், கைபேசி எண். அட்மின் பக்கத்தில் ‘எக்ஸெல்லில் இறக்கு’ என்று ஒரு இணைப்பு. அழுத்தினால் தனிக் கோப்பு ஒன்று டபிள்யூபி-லோடை எழுப்பி, பட்டியல் முழுவதையும் கொட்டும். இணைப்பு அட்மின் பக்கத்தில்தானே இருக்கிறது, வேறு யார் பார்க்கப் போகிறார்கள் என்று எழுதியவர் நினைத்துவிட்டார். கோப்பின் முகவரியை நேரே தட்டினால் எவருக்கும் பட்டியல் வந்தது. லாகின் தேவைப்படவில்லை. நல்ல மனதோடு தங்கள் எண்ணைக் கொடுத்தவர்கள், அவர்களில் பெண்களும் கல்லூரி மாணவர்களும் உண்டு, யாருடைய கையிலும் போய்விழக்கூடிய நிலையில் இருந்தார்கள். தொழில்நுட்பக் குறை என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. ஒருவர் நம்பிக் கொடுத்ததை நாம் தெருவில் வைத்ததாகத்தான் இதற்கு அர்த்தம்.

மாற்றுவது கடினமே இல்லை. இணைப்பை அட்மின்-போஸ்டுக்குத் திருப்பி, ஆக்‌ஷன் என்ற இடத்தில் ‘கொடையாளர்_பட்டியல்’ என்பதுபோல ஒரு பெயர் கொடுத்தோம். பிளகினில் அட்மின்_போஸ்ட் என்ற முன்னொட்டோடு அதே பெயரில் ஒரு ஹூக். அந்த ஹூக் லாகின் செய்தவருக்கு மட்டும்தான் ஓடும். லாகின் செய்யாதவர்களுக்கும் வேண்டுமென்றால் நோபிரிவ் என்று இன்னொன்றைத் தனியாக எழுத வேண்டும். இங்கே அது எழுதவே கூடாதது.

ஆனால் லாகின் செய்தவர் என்பது போதுமா? தளத்தில் சந்தாதாரராகப் பதிவு செய்துகொண்டவரும் லாகின் செய்தவர்தானே. ஆகவே ஃபங்ஷனின் முதல் வரி கரன்ட்_யூஸர்_கேன். இவருக்கு மேனேஜ்_ஆப்ஷன்ஸ் உரிமை இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். இரண்டாவது வரி செக்_அட்மின்_ரெஃபரர். இது நான்ஸ் எனப்படும் அடையாளத்தைச் சரிபார்க்கிறது. நிர்வாகி வேறெங்கோ ஒரு இணைப்பை அழுத்தி, அவருக்கே தெரியாமல் இந்த வேலை நடந்துவிடக் கூடாது என்பதற்காக. வேர்ட்பிரஸின் நான்ஸ் இயல்பாக 24 மணி நேரத்துக்கு மேல் செல்லாது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான்ஸ் உரிமைச் சீட்டு அல்ல. இந்த வேண்டுகோள் நம் பக்கத்திலிருந்துதான் கிளம்பியதா என்பதை மட்டும் அது சொல்லும். கிளம்பியவருக்கு உரிமை உண்டா என்பதைக் கரன்ட்_யூஸர்_கேன்தான் சொல்லும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்ட பிளகின்கள் நிறைய.

அதற்கு மேல் பட்டியலை எழுதுவது வழக்கமான வேலை. நமக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்ப் பெயர்கள் உள்ள சிஎஸ்வி கோப்பை எக்ஸெல்லில் திறந்தால் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். கோப்பின் தொடக்கத்தில் இஎஃப், பிபி, பிஎஃப் என்ற மூன்று பைட்டுகளை எழுதிவிட்டால் அது யூடிஎஃப்-8 என்று எக்ஸெல் புரிந்துகொள்ளும், முருகேசனும் கலைச்செல்வியும் தங்கள் பெயரோடு வந்துசேர்வார்கள். எழுதி முடித்ததும் எக்ஸிட். இல்லையென்றால் பின்னால் வருகிற வேறு எச்சங்களும் கோப்பில் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே பலர் வழுக்கி விழும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். இஸ்_அட்மின் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. பெயரைப் பார்த்தால் வந்தவர் நிர்வாகியா என்று கேட்பதுபோல் இருக்கும். அது கேட்பது அதுவல்ல. இப்போது ஓடுவது அட்மின் பகுதியின் பக்கமா என்றுதான் கேட்கிறது. அட்மின்-ஏஜாக்ஸும் அட்மின்-போஸ்டும் அட்மின் பகுதியைச் சேர்ந்தவை. ஆகவே தெருவில் போகிற யார் அவற்றைக் கூப்பிட்டாலும் பதில் ஆம்தான். அட்மின்_இனிட் என்ற ஹூக்கும் அதேபோல யார் கூப்பிட்டாலும் ஓடும். இந்த இரண்டையும் காவலாக நம்பி எழுதப்பட்ட நிரல் காவலே இல்லாத நிரல்.

சரியான முகவரிக்கு மாறிவிட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு 2014-இல் ஓர் உதாரணம் கிடைத்தது. ரெவல்யூஷன் ஸ்லைடர் என்ற பிரபலமான விலைகொடுத்து வாங்கும் பிளகின், அட்மின்-ஏஜாக்ஸ் வழியாகவே படம் காட்டியது. எந்தப் படம் என்பதை வந்தவர் சொல்லும் பாதையிலிருந்தே எடுத்துக்கொண்டது. படத்துக்குப் பதில் டபிள்யூபி-கான்ஃபிகின் பாதையைக் கொடுத்தால் டேட்டாபேஸ் கடவுச்சொல்லோடு அந்தக் கோப்பையே கொடுத்துவிட்டது. அந்த பிளகின் பல தீம்களுக்குள் பொதிந்து விற்கப்பட்டதால், அங்கேயும் திருத்தம் பலருக்குப் போய்ச் சேரவில்லை.

ரெஸ்ட் ஏபிஐயைப் பற்றிச் சுருக்கமாக. 2015 டிசம்பரில் 4.4 பதிப்போடு அதன் அடித்தளம் வந்தது. இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏஜாக்ஸைவிட இதையே பரிந்துரைப்பேன். காரணம், வழியைப் பதிவு செய்யும்போதே பர்மிஷன்_கால்பேக் என்று ஓர் இடம் இருக்கிறது. யாருக்கு அனுமதி என்று அங்கே சொல்ல வேண்டும். 2020-இல் வந்த 5.5-இலிருந்து அதை விட்டுவிட்டால் வேர்ட்பிரஸ் எச்சரிக்கிறது. எல்லோருக்கும் திறந்த வழி என்றாலும் அதையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறது. மறதியால் திறந்துவிட்டதையும் தெரிந்தே திறந்ததையும் இப்படிப் பிரித்துக் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. அதே ஆண்டு 5.6-இல் அப்ளிகேஷன் பாஸ்வேர்டு வந்தது. உங்கள் பில்லிங் மென்பொருளோ கைபேசிச் செயலியோ வேர்ட்பிரஸோடு பேச வேண்டுமென்றால், அதற்கென்று தனிக் கடவுச்சொல் கொடுத்து, வேண்டாதபோது அதை மட்டும் ரத்து செய்யலாம்.

கோப்புகளைப் பிரித்து எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் பிரியுங்கள், பிரிக்கத்தான் வேண்டும். முதன்மைக் கோப்பிலிருந்து பிளகின்_டிர்_பாத்தைக் கொண்டு பாதையைப் பெற்று, ரிக்வயர்_ஒன்ஸ் மூலம் மற்ற கோப்புகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவை வேர்ட்பிரஸ் எழுந்த பிறகு வருகின்றன, எல்லா ஃபங்ஷன்களும் கிடைக்கும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும், ஏபிஎஸ்பாத் என்ற மாறிலி இல்லையென்றால் வெளியேறு என்று ஒரு வரி. வேர்ட்பிரஸ் எழாமல் அந்த மாறிலி உருவாகாது. யாராவது கோப்பின் முகவரியை நேரே தட்டினால் வெற்றுப் பக்கத்தோடு திரும்பிப் போவார்கள். ஜூம்லாவிலும் இதே வழக்கம் உண்டு, அங்கே மாறிலியின் பெயர் ஜெ-எக்ஸெக். வெவ்வேறு மென்பொருள்கள் ஒரே முடிவுக்கு வந்திருப்பது தற்செயல் அல்ல.

இப்படிச் செய்தும் ஒருவேளை அதே பிழை வரலாம். இந்த முறை பெயர் டபிள்யூபி_கெட்_கரன்ட்_யூஸர் என்றிருக்கும். வேர்ட்பிரஸ் எழுந்துதானே இருக்கிறது, ஏன் தெரியவில்லை? இதன் காரணம் அழகானது. லாகின், மின்னஞ்சல் போன்ற சில ஃபங்ஷன்களைப் பிளகின்கள் தாங்களே எழுதி மாற்றிக்கொள்ளலாம் என்று வேர்ட்பிரஸ் அனுமதிக்கிறது. அவை பிளகபிள்.பிஎச்பி என்ற கோப்பில் இருக்கின்றன. பிளகின்களுக்கு முதல் வாய்ப்பு கொடுத்துவிட்டு, அவை எழுதாததை மட்டும் தானே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதால், அந்தக் கோப்பு பிளகின்கள் எல்லாம் ஏறிய பிறகுதான் ஏறுகிறது. உங்கள் கோப்பு ஏறும் நொடியிலேயே கூப்பிட்டால் அந்த ஃபங்ஷன் இன்னும் பிறக்கவில்லை. இனிட் ஹூக்கில் வைத்துக் கூப்பிடுங்கள், இருக்கும். இதற்கும் டபிள்யூபி-லோடை மறுபடி அழைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. பொறுமைதான் இதற்கு மருந்து.

உண்மையாகவே உலாவி வழியாக வராத வேலைகளும் இருக்கின்றன. இரவில் ஒரு முறை பழைய பதிவுகளைத் திரட்ட வேண்டும், ஆயிரக்கணக்கான படங்களைத் திருத்த வேண்டும் என்பதுபோல. அதற்கு டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளைவரிக் கருவி இருக்கிறது. அதில் இவால்-ஃபைல் என்ற கட்டளை, முழு வேர்ட்பிரஸையும் ஏற்றிவிட்டு நீங்கள் சொன்ன கோப்பை ஓட்டும். அந்தக் கோப்பை இணையம் எட்டாத ஃபோல்டரில் வைத்துக்கொள்ளலாம். பணம் கட்டியதும் பேமென்ட் நிறுவனம் திரும்ப அழைக்கும் முகவரிக்காகத் தனிக் கோப்பு வைப்பதும் பழைய வழக்கம். அதற்கும் ரெஸ்ட் வழியே போதும். வூகாமர்ஸ் என்ற இணையக் கடை பிளகினை வைத்திருந்தால் அதிலேயே அதற்கான ஹூக் உண்டு.

வேர்ட்பிரஸ்.ஆர்க் பட்டியலில் 50,000-க்கும் மேற்பட்ட பிளகின்கள் இருக்கின்றன. அங்கே புதிதாக ஒன்றைச் சேர்க்க விரும்பினால், மூலக் கோப்புகளை நேரடியாக அழைத்து எழுப்பும் பிளகினைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் நம் ஊரில் கடைக்கும் பள்ளிக்கும் சங்கத்துக்கும் எழுதிக் கொடுக்கிற பிளகின்கள் எந்தப் பட்டியலுக்கும் போவதில்லை. அவற்றை யாரும் சரிபார்ப்பதும் இல்லை. எழுதியவரே சரிபார்த்தால்தான் உண்டு. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். நீங்கள் பராமரிக்கும் தளத்தின் பிளகின்ஸ், தீம்ஸ் ஃபோல்டர்கள் இரண்டிலும் ‘டபிள்யூபி-லோட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ‘டபிள்யூபி-கான்ஃபிக்’, ‘டபிள்யூபி-பிளாக்-ஹெடர்’ இரண்டையும் தேடுங்கள். வருகிற ஒவ்வொரு கோப்பையும் திறந்து, இதை நேரே தட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். தரவைக் கொடுக்கிற கோப்பு, தரவை மாற்றுகிற கோப்பு, கோப்பேற்றுகிற கோப்பு, இந்த மூன்றையும் முதலில் கவனியுங்கள். அட்மின்-போஸ்டுக்கோ ரெஸ்டுக்கோ மாற்றிய பிறகு பழைய கோப்பை சர்வரிலிருந்து நீக்கிவிடுங்கள். பெயர் மாற்றி ‘பழையது’ என்று வைப்பது நீக்குவது ஆகாது. பேக்கப் என்று தளத்துக்குள்ளேயே வைத்த பிரதியையும் மறக்க வேண்டாம்.

பிறகு சர்வரின் ஆக்ஸஸ் லாகைத் திறந்து அந்தக் கோப்பின் பெயரைத் தேடுங்கள். ரத்ததானத் தளத்தில் நாங்கள் அதைச் செய்தோம். லாகில் இருந்த காலம் வரைக்கும், அமைப்பின் அலுவலக இணைப்பிலிருந்து மட்டுமே அந்தக் கோப்பு கூப்பிடப்பட்டிருந்தது. உங்களுக்கு அப்படி இல்லாமல் அறிமுகமில்லாத முகவரிகள் தெரிந்தால், தளத்துக்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். பட்டியலில் இருந்தவர்களுக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள். தங்கள் எண் வெளியே போயிருக்கலாம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.